முப்பத்து நான்கு பேர் வராத கூட்டம்

அனுப்புநர்:
நகராட்சி மன்றக் கூட்டப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்,
மாடி வீடு, அச்சகத்துக்கு எதிர்ச் சந்து,
பத்தொன்பதாவது வார்டு.

பெறுநர்:
மண்டல இயக்குநர் அவர்கள்,
உள்ளாட்சி நிர்வாகத் துறை,
மண்டல அலுவலகம்.

பொருள்: மருத்துவமனைப் பேருந்து நிறுத்தத்தை இடம் மாற்றிய மன்றத் தீர்மானம் – கருத்துக் கேட்புக்கு வந்தவர்களை வராதவர்களாகப் பதிவு செய்தது – அதனால் நோயாளிகளுக்கு நேர்ந்த தீங்கு – தீர்மானத்தை நிறுத்தி வைத்து விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
(அ) நகராட்சி அறிவிப்பு, நாள் 26.02.2024
(ஆ) எங்கள் ஆட்சேபணைக் கடிதம், நாள் 13.03.2024
(இ) மன்றக் கூட்டப் பொருள் எண் 38, நாள் 27.03.2024
(ஈ) நகராட்சியின் பதில் கடிதம், நாள் 14.05.2024

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனு என்றால் "பணிந்து சமர்ப்பித்துக்கொள்வது யாதெனில்" என்று தொடங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அப்படித் தொடங்கிய மனுக்கள் எங்கள் அலுவலகத்தில் எந்த அலமாரியின் எந்தத் தட்டில் படுத்துக் கிடக்கின்றன என்பதும் தெரியும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். மரியாதையில் குறை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

1. என் தம்பிக்கு வயது ஐம்பத்து மூன்று. மனுவில் "அவர்" என்று எழுதுவதே முறை. இடுப்பில் தூக்கி வைத்து வளர்த்தவள் என்பதால் "அவன்" என்றே எழுதுகிறேன். நகரப் பேருந்தில் நான்காம் எண் தடத்தில் பதினெட்டு ஆண்டுகள் ஓட்டுநராக இருந்தவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் காலை ஏழரை மணி முதல் பதினொன்றரை மணி வரை அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொண்டு உயிர் வாழ்கிறான். அவனுக்கு என்னைத் தவிரவும் எனக்கு அவனைத் தவிரவும் வேறு ஆளில்லை.

2. டயாலிசிஸ் முடிந்து வெளியே வருகிறவர்களைத் தாங்கள் பார்த்திருப்பீர்களோ என்னவோ. பிழிந்து உதறிய துணி மாதிரி வருவார்கள். கண் இருட்டும், கால் பின்னும். அப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவமனை வாசலிலிருந்து பன்னிரண்டு அடியில் ஒரு பேருந்து நிறுத்தம் இருந்தது. நிழற்குடை இருந்தது, சிமெண்டு பெஞ்சு இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே இருந்தது. அதை அங்கே வைத்தவர் யாரென்று தெரியாது. நோயாளிக்கு நடக்க முடியாது என்ற விஷயம் தெரிந்தவராக இருந்திருக்க வேண்டும்.

3. மருத்துவமனையை அடுத்து நகராட்சி அலுவலகம். அதற்கு ஒரு பெரிய வாசல் உண்டு. அது போதாதென்று இரண்டு ஆண்டுகளுக்கு முன், மாண்புமிகு மன்றத் தலைவர் அவர்களின் கார் நுழைவதற்கென்றே மதிற்சுவரை இடித்து இன்னொரு வாசல் வைத்தார்கள். அந்த வாசல் நிறுத்தத்தை ஒட்டினாற்போல் அமைந்துவிட்டது. நிறுத்தம் முப்பது ஆண்டுகளாக அங்கே இருப்பது வாசல் வைத்தவர்களின் கண்ணில் படவில்லை.

4. ஜனவரி 23, செவ்வாய்க்கிழமை. பகல் பன்னிரண்டு மணி சுமாருக்கு நான்காம் எண் பேருந்தில் ஒரு மூதாட்டியைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் தம்பியும் முன்பே ஏறி உட்கார்ந்திருந்தோம். பின்னால் தலைவரின் கார் வந்து நின்று ஒலியெழுப்பியது. கார் ஓட்டுநர் இறங்கி வந்து, "சீக்கிரம் எடுங்கய்யா, தலைவர் வண்டி நிக்குது தெரியல?" என்றார். நடத்துநர், "பேஷண்ட் ஏறுறாங்க சார், ரெண்டே நிமிஷம்" என்றார். நான்கு நிமிடம் ஆயிற்று. கார்க் கண்ணாடி இறங்கவில்லை. உள்ளே இருந்தவர் அந்த நான்கு நிமிடமும் என்ன சிந்தித்தார் என்பதை நகராட்சியின் கோப்பு பின்னர் எங்களுக்கு விளக்கியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். காரைத் திருப்பத் தெரியாதவர் நிறுத்தம் கோணல் என்று முடிவு செய்தார்.

5. மறுவாரமே "போக்குவரத்து நெரிசல் ஆய்வு" நடந்தது. ஆய்வு என்றால் இளநிலைப் பொறியாளர் ஒருவர் புதிய வாசலில் நோட்டுப் புத்தகத்துடன் இரண்டு மணி நேரம் நின்றது. அவர் நின்ற நாள் குழுக் கூட்ட நாள். உறுப்பினர்களின் வாகனங்கள் சாலையின் இருபுறமும் வரிசையாக நின்றிருந்தன. "பேருந்து நிறுத்தத்தின் காரணமாகச் சாலை பாதியாகக் குறுகியுள்ளது" என்று அறிக்கை கொடுத்தார். சாலையைக் குறுக்கிய வாகனங்களுக்குச் சொந்தக்காரர்களே அந்த அறிக்கையைப் படித்துக் கவலைப்பட்டார்கள்.

6. பிப்ரவரி 26 அன்று, நிறுத்தத்தை மாற்றுவது குறித்து ஆட்சேபணை உள்ளவர்கள் மார்ச் 13, புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு மன்ற அரங்கில் நேரில் வரலாம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். மருத்துவமனையில் ஒட்டவில்லை. நிறுத்தத்தில் ஒட்டவில்லை. அலுவலகத்தின் முதல் மாடியில், கழிப்பறைக்குப் போகும் வழியில் உள்ள கண்ணாடிப் பலகைக்குள் ஒட்டி, அதன் மேல் ஒரு நாட்காட்டியையும் மாட்டினார்கள். சான்றிதழ் ஒன்றுக்காகப் போயிருந்த நான், பழைய பழக்கத்தில் நாட்காட்டியைத் தூக்கிப் பார்த்ததால் தெரிந்தது. அறிவிப்பை அங்கே ஒட்டும் ஏற்பாடு என் காலத்திலேயே வந்ததுதான்.

7. மார்ச் 13 அன்று நாங்கள் முப்பத்து நான்கு பேர் போனோம். டயாலிசிஸ் நோயாளிகள் பதினொரு பேர். அவர்களைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் ஒன்பது பேர். இரவுப் பணி முடித்துத் தூங்காமல் வந்த செவிலியர்கள் இருவர். காலில் மாவுக்கட்டுப் போட்டவர் ஒருவர். மாமியாருடன் வந்த நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர். மற்றவர்கள் தினமும் அங்கே ஏறி இறங்குகிறவர்கள். பத்தே முக்காலுக்கே மாடியேறிவிட்டோம். அரங்கு பூட்டியிருந்தது. நாற்காலிகளுக்கு மெருகு பூசிக் காயவைத்திருப்பதாகச் சொன்னார்கள். கடைநிலை ஊழியர், "எல்லாரும் உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்றார். தாழ்வாரத்தில் ஒரே பெஞ்சு. நோயாளிகளை உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் சுவரில் சாய்ந்து நின்றோம்.

8. பதினொன்றே காலுக்கு அதே ஊழியர் பெரிய தட்டில் பதினான்கு கோப்பைத் தேநீருடன் வந்தார். தாழ்வாரம் குறுகல். "கொஞ்சம் வழி விடுங்க, சூடா இருக்கு" என்றார். மாவுக்கட்டுக்காரர் உட்பட எல்லோரும் சுவரோடு ஒட்டி வழிவிட்டோம். தட்டு தலைவரின் அறைக்குள் போனது. உள்ளே நடந்துகொண்டிருந்தது எங்கள் கருத்துக் கேட்புதான் என்பது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் வரவில்லை என்று பதிவு செய்யும் களைப்புக்காகத்தான் அந்தத் தேநீர் என்பதும் தெரியாது.

9. ஒன்றரை மணிக்குக் கதவு திறந்தது. வாயைத் துடைத்தபடி வெளியே வந்த ஓர் உறுப்பினர் எங்களைப் பார்த்துச் சிரித்து, "என்ன, ஏதாவது மனுவா?" என்று விசாரித்தார். கூட்டப் பிரிவு மேலாளரிடம் போய்க் கேட்டேன். அவர் எனக்குக் கீழே தட்டச்சு பழகியவர். "கருத்துக் கேட்பா? அது பதினொன்னரைக்கே முடிஞ்சிருச்சே மேடம். யாருமே வரலன்னு எழுதியாச்சு" என்றார். முப்பத்து நான்கு பேர் தாழ்வாரத்தில் நிற்கிறோமே என்றேன். "தாழ்வாரத்துல நின்னா எப்படி மேடம்? உள்ள வரணும்ல?" என்றார். உள்ளே கூப்பிடுவார்கள் என்று உட்கார வைத்தது உங்கள் ஆள்தானே என்றேன். அதற்கு அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன்: "நீங்களே இதை எத்தனை தடவை அடிச்சிருக்கீங்க மேடம். இப்ப என்ன புதுசா?"

10. ஐயா, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வித்தையை இவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சோறு பரிமாறியவர்களில் நானும் ஒருத்தி. மன்றக் கூட்டத்துக்கு முதல் நாள் மாலையே தீர்மானங்களை "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்ற முடிவுரையோடு தட்டச்சு செய்து முடித்துவிடுவேன். "கூட்டத்துல ஏதாவது மாறினா திருத்திக்கலாம்மா" என்பார் அப்போதைய மேலாளர். இருபத்தாறு ஆண்டுகளில் ஆறு முறை திருத்தினேன். அதில் நான்கு எழுத்துப் பிழை. ஒருமுறை குழாயடி ஒன்றை மூடுவது பற்றிய கருத்துக் கேட்பு. குடையும் கையுமாக ஒருவர் இதே தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, "எப்பங்க கூப்பிடுவாங்க?" என்று என்னைக் கேட்டார். "கூப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். அவர் வராததை நான் முதல் நாளே தட்டச்சு செய்திருந்தேன். அவர் முகம் நினைவில்லை. வேறு யாரும் இந்த வேலையைச் செய்திருந்தால் அவர்களை எந்தச் சொல்லால் குறிப்பிடுவேனோ, அந்தச் சொல் எனக்கும் பொருந்தும்.

11. அன்றே எங்கள் ஆட்சேபணையை எழுதி முப்பத்து நான்கு பேரும் கையெழுத்திட்டு, தபால் பிரிவில் கொடுத்து, பிற்பகல் 1.50 என்று நேரம் போட்டு முத்திரை பெற்றோம். மார்ச் 27 அன்று மன்றம் கூடியது. மொத்தம் ஐம்பத்திரண்டு பொருள்கள். முதல் நான்கு பொருள்களை ஒன்றரை மணி நேரம் விவாதித்தார்கள். அவை உறுப்பினர்களின் இருக்கை வரிசை சம்பந்தப்பட்டவை. மீதி நாற்பத்தெட்டும் ஒரே மூச்சில் நிறைவேறின. "மருத்துவமனைப் பேருந்து நிறுத்தத்தைப் பொதுமக்கள் நலன் கருதி நான்கு முனைச் சந்திப்புக்கு அப்பால் மாற்றுதல். ஆட்சேபணை தெரிவிக்க எவரும் வரவில்லை. ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது." இதுதான் பொருள் எண் 38.

12. ஏப்ரல் 8 முதல் நிறுத்தம் மாறியது. புதிய இடத்துக்கு மருத்துவமனை வாசலிலிருந்து அறுநூற்று நாற்பது மீட்டர். தம்பியின் நடையில் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு காலடி, எண்ணிப் பார்த்தேன். நடைபாதை கிடையாது. நிழல் கிடையாது. சைகை விளக்கு இல்லாத நான்கு முனைச் சந்திப்பைக் குறுக்கே கடக்க வேண்டும். நிறுத்தம் என்பது ஒரு கம்பமும் அதில் ஒரு தகரமும்தான். உட்கார இடமில்லை. பொதுமக்கள் நலன் அங்கேதான் வெயிலில் நின்றுகொண்டிருக்கிறது.

13. முதல் நாள் நடந்து போகும்போது தம்பி மூன்று இடத்தில் நின்றான். பழைய நிறுத்தத்தில் நிற்காமல் நான்காம் எண் பேருந்து எங்களைக் கடந்து போனது. "பதினெட்டு வருஷம் இந்த இடத்துல நான் பிரேக் போட்டிருக்கேன்க்கா. இப்ப என்னத் தாண்டிப் போறான் பாரு" என்று சிரித்தான். பிறகு, "அவனச் சொல்லாத, மேல இருந்து உத்தரவு" என்றும் சொன்னான். வண்டி ஓட்டியவனுக்கு வண்டி ஓட்டுகிறவனின் கஷ்டம் தெரியும்.

14. ஏப்ரல் 25, வியாழக்கிழமை. அன்று நான் அவனுடன் இல்லை. மார்ச் மாதக் கூட்டக் குறிப்பின் நகல் கேட்டு, பதினோரு மணியிலிருந்து நகராட்சி நகல் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். "பெரிய தூரம் இல்லக்கா, நானே மெதுவாப் போய் ஏறிக்குறேன்" என்று காலையிலேயே சொல்லியிருந்தான். பன்னிரண்டே காலுக்கு, சந்திப்பைக் கடக்கும்போது, அவன் கண் இருட்டி விழுந்தான். விழும்போது இடது கை கீழே மாட்டிக்கொண்டது. அந்தக் கையில்தான் டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக அறுவை செய்து இணைத்து வைத்த ரத்தக் குழாய் இருக்கிறது. சற்று முன்தான் ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டு பிரிந்தது. ரத்தம் பீறிட்டது.

15. சந்திப்பின் மூலையில் பஞ்சர் கடை வைத்திருப்பவர் ஓடிவந்தார். தம்பி நினைவு தப்பும் முன் அவரிடம் ஒன்று மட்டும் சொல்லியிருக்கிறான்: "கட்டைவிரலால அமுக்குங்க, எடுத்துடாதீங்க." அவர் எடுக்கவில்லை. ஒரு சரக்கு வண்டியை நிறுத்தி, சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவில் அவனைக் கிடத்தி, தானும் ஏறி உட்கார்ந்து, மருத்துவமனையில் மருத்துவர் வந்து "இப்ப எடுங்க" என்று சொல்லும் வரை அந்த விரலை எடுக்கவே இல்லை. பின்னர் நான் நன்றி சொல்லப் போனபோது, "அதெல்லாம் எதுக்கும்மா, டியூப்ல ஓட்டை விழுந்தா விரல வச்சுப் பாக்குறது எங்க பொழப்புதானே" என்றார். இந்த நகரத்தில் பொதுமக்கள் நலன் கருதிய ஒரே மனிதர் அவர். அவர் உறுப்பினர் அல்லர்.

16. அந்த நேரத்தில் நான் நகல் பிரிவில் இருந்தேன். "குறிப்பு இன்னும் சரிபார்த்து வரலம்மா, நாளைக்கு வாங்க" என்று அப்போதுதான் சொன்னார்கள். மதிற்சுவருக்கு இந்தப் பக்கம் நான் படியிறங்கும்போது, அந்தப் பக்கம் அவனை அவசரப் பிரிவுக்குள் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போய், தட்டு வைத்துக் காத்திருந்தேன். மூன்று மணிக்குத்தான் செவிலியர் ஒருவர் ஆள் அனுப்பினார்.

17. தம்பி பிழைத்தான். ஆனால் அந்தக் கையின் குழாய் கெட்டுவிட்டது. இப்போது கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் நடக்கிறது. அதில் எப்போது வேண்டுமானாலும் தொற்று ஏற்படலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வலது கையில் புதிதாக அறுவை செய்ய வேண்டும். அது பிடித்தால் பிடிக்கும். வண்டியின் ஸ்டியரிங் பிடித்த கை அது. "அக்கா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் இந்த நடைய நடக்கணும்னா, நான் போகாமலே இருந்துடுறேனே" என்று ஒரு மாலை சொன்னான். போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். மறுநாள் போனான்.

18. மே 14 அன்று நகராட்சியின் பதில் வந்தது. "தங்கள் ஆட்சேபணை, கருத்துக் கேட்பு முடிவுற்ற பின் பெறப்பட்டதால் பரிசீலிக்க இயலவில்லை. மேலும், சாலையைக் கடக்கும்போது பொதுமக்கள் கவனத்துடன் செயல்படுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." ஐயா, அரசாங்கக் கடிதங்களை ஆயிரக்கணக்கில் தட்டச்சு செய்தவள் நான். இதைவிட வெட்கங்கெட்ட வாக்கியம் ஒன்றை என் இயந்திரம் கண்டதில்லை. "மேலும்" என்ற சொல்லுக்கே என்னால் இன்னும் மன்னிப்பளிக்க முடியவில்லை.

19. எங்கள் வார்டு உறுப்பினர் மெத்தைக் கடை வைத்திருப்பவர். மன்றத்தில் அவருக்குக் "கொட்டாவி" என்று பெயர். நான்கு ஆண்டுகளில் அவர் பெயர் வருகைப் பதிவைத் தவிரக் குறிப்பில் வேறெங்கும் வந்ததில்லை. அவரிடம் போனேன். தம்பியும் வந்தான், கடை மெத்தை ஒன்றின் ஓரத்தில், கழுத்துக் குழாயோடு, விறைப்பாக உட்கார்ந்திருந்தான். "எனக்கு மேடைப் பேச்செல்லாம் வராதும்மா" என்றார் உறுப்பினர். பேச்சு வேண்டாம், ஒரே ஒரு வாக்கியம் போதும் என்றேன். முந்தைய கூட்டக் குறிப்பை உறுதி செய்யும்முன் வாசிக்கச் சொல்லிக் கேட்க எந்த உறுப்பினருக்கும் உரிமை உண்டு. விதி இருக்கிறது. என் காலத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. உறுப்பினர் தம்பியின் கழுத்தைப் பார்த்துவிட்டு, அந்த வாக்கியத்தை எழுதித் தரச் சொன்னார்.

20. மே 29 அன்று, மார்ச் மாதத்துக்குப் பின் முதல்முறையாக, மன்றம் கூடியது. பார்வையாளர் வரிசையில் நான் இருந்தேன். தலைவர் வழக்கம்போல், "போன கூட்டக் குறிப்பு... வாசிச்சதா எடுத்துக்கலாம்" என்றார். கொட்டாவி எழுந்தார். சீட்டைப் பார்க்கவில்லை. "எடுத்துக்க வேண்டாங்க. வாசிக்கச் சொல்லுங்க" என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் உட்காரவில்லை. வேறு வழியின்றி மேலாளர் வாசிக்கத் தொடங்கினார்.

21. அதன்பின் நடந்ததைக் காண மன்றத்தின் சுவர்கள் முப்பது ஆண்டுகள் காத்திருந்திருக்கும். தாம் ஏகமனதாக என்னென்ன செய்திருக்கிறார்கள் என்பதை உறுப்பினர்கள் முதல்முறையாகக் கேட்டார்கள். பொருள் எண் 21 வந்ததும் ஏழாம் வார்டு அம்மையார் எழுந்து, "நில்லுங்க, நில்லுங்க. என் வார்டுப் பிள்ளைங்க விளையாடுற இடத்த, நகராட்சி பிடிச்சுட்டு வந்த வண்டிய நிறுத்துறதுக்கு நானே எழுதிக் குடுத்தேனா?" என்று கத்தினார். ஆமாம், எழுதிக் கொடுத்திருந்தார், வழிமொழிந்தும் இருந்தார். பொருள் எண் 38-ஐ முன்மொழிந்தவர் தலைவரின் மைத்துனர். வழிமொழிந்தவர் போட்டோவுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கும் உறுப்பினர். அந்த உறுப்பினர் மார்ச் மாதம் முழுவதும் மகளின் பிரசவத்துக்காக வெளிநாட்டில் இருந்தார். திரும்பி வந்து அலுவலகம் முழுக்க இனிப்புக் கொடுத்தார். அதைத் தின்றவர்கள்தான் இந்தக் குறிப்பையும் எழுதினார்கள். அவையில் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தன் செருப்பைப் பார்த்தார். தலைவர், "நேரமின்மை காரணமாக" கூட்டத்தை ஒத்திவைத்தார். அப்போது மணி பதினொன்று நாற்பது.

22. ஆகவே மார்ச் மாதக் கூட்டக் குறிப்பு இன்றுவரை மன்றத்தில் உறுதி செய்யப்படவில்லை. அதைச் சரிக்கட்ட, குறிப்பேட்டைக் கடைநிலை ஊழியர் கையில் கொடுத்து, உறுப்பினர்களின் வீடு வீடாகக் கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். இருபத்து நான்கு பேரில் பதினெட்டுப் பேர் கையெழுத்திட்டுவிட்டார்கள். சட்டம் போடும் கடைக்காரர் முதல் ஆளாகக் கையெழுத்திட்டார். தான் இல்லாத அவையில் தான் இருந்ததாகத் தன் கைப்படச் சான்று கொடுத்துவிட்டார். கூச்சலிட்ட ஏழாம் வார்டு அம்மையாரும் கையெழுத்திட்டுவிட்டார். அந்த விளையாட்டு இடத்திலேயே அவர் பெயரில் ஒரு கல்வெட்டு வைப்பதாகச் சொன்னார்களாம். இவர்களைக் குறித்து இனி நான் கோபப்படப்போவதில்லை. கோபப்படுவதற்கு எதிரே ஓர் ஆள் இருக்க வேண்டும்.

23. கொட்டாவி மட்டும் குறிப்பேட்டைத் திருப்பித் தரவில்லை. "நான் வாசிச்சுட்டுதான் போடுவேன்" என்று கடையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு வேகமாக வாசிக்க வராது. நேற்று நான் போனபோது பதினேழாவது பொருளில் இருந்தார். புரியாத இடங்களில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். ஏறக்குறைய எல்லா வரியிலும் கோடு இருந்தது. அவரை இனி யாரும் அந்தப் பட்டப்பெயரால் அழைக்கக்கூடாது என்று என் தம்பி சொல்கிறான். நான் பழக்கத்தில் எழுதிவிட்டேன், அதற்காக வருந்துகிறேன்.

24. இதற்கிடையில் நான்காம் எண் தடத்து ஓட்டுநர்கள், யாரும் சொல்லாமலே, டயாலிசிஸ் நாட்களில் பகல் பன்னிரண்டு மணிக்குப் பழைய இடத்தில் அரை நிமிடம் நிறுத்தத் தொடங்கினார்கள். தம்பியோடு வேலை பார்த்தவர்கள் அவர்கள். ஜூன் 7 அன்று நகராட்சி, பேருந்து நிர்வாகத்துக்குப் புகார் எழுதி, மூன்று ஓட்டுநர்களுக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வாங்கிக் கொடுத்திருக்கிறது. முப்பத்து நான்கு பேர் நேரில் நின்றபோது தெரியாத கண்ணுக்கு, அரை நிமிடம் நின்ற பேருந்து தெரிந்திருக்கிறது.

எனவே ஐயா அவர்கள், உறுதி செய்யப்படாத குறிப்பின் பேரில் நடைமுறைக்கு வந்த பொருள் எண் 38-ஐ உடனே நிறுத்தி வைத்து, விசாரணை முடியும் வரை நிறுத்தத்தைப் பழைய இடத்திலேயே செயல்படச் செய்ய வேண்டும். மூன்று ஓட்டுநர்களுக்கும் கொடுத்த குறிப்பாணையை விலக்க எழுத வேண்டும். "எவரும் வரவில்லை" என்ற வரியை அடித்து, வந்தவர்களின் பெயர்களை, எல்லாப் பெயர்களையும், அந்த இடத்திலேயே எழுதச் செய்ய வேண்டும். அவர்களில் ஒருவர், மாவுக்கட்டுப் போட்டிருந்தவர், சென்ற மாதம் வேறு நோயால் இறந்துவிட்டார். அவர் பெயரையும் எழுத வேண்டும். அன்று அவர் வந்திருந்தார்.

பொய்க் குறிப்பு எழுதியவர்கள் மீது நடவடிக்கை எடுப்பதாக இருந்தால், பழைய குறிப்பேடுகளையும் எடுத்துப் பார்க்க வேண்டுகிறேன். என் காலத்தவை கீழ்த்தள அறையில், இடது பக்கம் மூன்றாவது அலமாரியில் உள்ளன. எந்தெந்தக் கருத்துக் கேட்பு எப்படி நடந்தது என்பதை வரிசைப்படி எழுத்து மூலம் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். அதனால் எனக்கு என்ன வந்தாலும் ஏற்கிறேன். மற்றவர்களும் ஏற்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

தாங்கள் விசாரணைக்கு ஒருவரை அனுப்பினால் ஒரே ஒரு வேண்டுகோள். அவர் காரில் வர வேண்டாம். நான்காம் எண் பேருந்தில் வந்து, புதிய நிறுத்தத்தில் இறங்கி, நண்பகல் வெயிலில் மருத்துவமனை வரை நடந்து வரட்டும். செவ்வாய், வியாழன், சனி, எந்த நாளானாலும் சரி. வாசலில் நாங்கள் இருப்போம். அவருக்கு மூச்சு வாங்கினால் உட்கார நாற்காலி கொண்டுவருகிறோம். எங்களை அவர் கூப்பிட வேண்டியதில்லை. நாங்களே போய்ப் பேசுவோம்.

இணைப்பு: ஆட்சேபணைக் கடிதத்தின் நகல், நேர முத்திரையுடன், முப்பத்து நான்கு பேரின் கையெழுத்துப் பட்டியல், மருத்துவச் சான்று, நகராட்சியின் பதில் கடிதம்.

இதில் எழுதியவை நான் கண்டும், கேட்டும், செய்தும் அறிந்தவை என்று உறுதி கூறும்,

(கையொப்பம்)
ஓய்வு பெற்ற தட்டச்சர், நகராட்சி மன்றக் கூட்டப் பிரிவு

இடம்: மருத்துவமனைச் சாலை
நாள்: 19.06.2024